நான் சொன்ன பதினேழு சரி

மனிதவள மேலாண்மையில் நான் முதல் வகுப்பில் தேறியவள். இதை வீட்டில் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவருக்கு இருமல் வந்துவிடும். பெரும்பாலும் அப்பாவுக்கு. அவர் முப்பத்தொரு வருடம் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேலாண்மையை அதன் அடியில் நின்று பார்த்தவர். நான் அதைப் புத்தகத்தில் பார்த்தவள். இரண்டுக்கும் உள்ள தூரத்தை நான் அளந்தது ஒரு புதன்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரையிலான நான்கு நாட்களில். (இதையெல்லாம் எழுதாதே என்றுதான் அப்பா முதலில் சொன்னார். விட்டால் அவரே எழுதிவிடுவார் என்று தோன்றியதால் முந்திக்கொள்கிறேன்.)

கோவையில் எம்.பி.ஏ. படித்தபோது எனக்கு மிகவும் பிடித்த பாடம் ‘செவிமடுத்தல்’. தொழிலாளி ஒரு குறையோடு வந்தால் அவரை மறுத்துப் பேசக் கூடாது. சற்று முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும். தலையாட்ட வேண்டும். அவர் சொன்னதையே நம் வார்த்தைகளில் திருப்பிச் சொல்ல வேண்டும். தன் பேச்சு கேட்கப்பட்டது என்று தெரிந்தவுடன் பாதிக் கோபம் ஆறிவிடும், மீதி தானாக ஆறிவிடும் என்பது தத்துவம். வகுப்பில் நடித்தும் பார்த்தோம். என் அறைத்தோழி கோபக்காரத் தொழிலாளியாக வருவாள், நான் தலையாட்டுவேன், ஐந்தாவது நிமிடத்தில் அவள் சாந்தமாகிவிடுவாள். அவளுக்கு கேன்டீனுக்குப் போகும் அவசரம் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பாடத்தில் எனக்குத்தான் வகுப்பில் அதிக மதிப்பெண்.

படிப்பு முடிந்ததும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. அதுவரை அங்கே வெல்ஃபேர் ஆபிசர் என்று ஒருவர் இருந்தார். அவர் ஓய்வு பெற்றதும் அந்த அறையின் போர்டில் ‘எச்.ஆர்.’ என்று மாற்றி எழுதி, உள்ளே என்னை வைத்தார்கள். ஆறு மாதம் பயிற்சிக் காலம், அதற்குப் பிறகு நிரந்தரம். நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், லீவு விண்ணப்பப் படிவத்தை நீல நிறத்திலிருந்து பச்சை நிறத்துக்கு மாற்றியது.

ஆகவே நிரந்தரமாவதற்கு முன் எதையாவது செய்து காட்டியாக வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. அதற்கு வாகாக ஒரு சனிக்கிழமை வந்தது. எங்கள் தேயிலையை வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு ஆடிட்டர் வருகிறார். தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்த்து எழுதுவார், அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் அடுத்த வருட ஆர்டர். அதற்கு முன் ஒரு குறைகேட்புக் கூட்டம் நடத்தலாம் என்று மேனேஜர் போஜன் சாரிடம் சொன்னேன். அவர் பக்கத்து ஹட்டிக்காரர், அதாவது படுகர் ஊர்க்காரர். இருபத்தைந்து வருடமாகத் தேயிலைச் செடிகளோடும் அதைப் பறிப்பவர்களோடும் வாழ்பவர். நான் காட்டிய எட்டு ஸ்லைடுகளையும் பொறுமையாகப் பார்த்தார்.

“கேளும்மா, தப்பில்ல. கேக்கறது மட்டும். எதையும் குடுத்துட்டு வந்துராத” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. புத்தகமும் அதைத்தானே சொல்கிறது.

புதன்கிழமை சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடித்த பிறகு கூட்டம். இடம், எஸ்டேட் குழந்தைகள் காப்பகம். அங்கே இருந்தவை மூன்று வயதுக் குழந்தைகளுக்கான நாற்காலிகள். நான் ஒன்றில் உட்கார்ந்தேன், முழங்கால் முகவாய்க்கு வந்தது. முன்னால் சாய வேண்டும் என்ற விதியைத் தனியாகப் பின்பற்றத் தேவையே இருக்கவில்லை. எதிரில் முப்பது நாற்பது பெண்கள், பின்னால் சில ஆண்கள். கொழுந்து வெட்டும் கத்தரிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஈரப் பிளாஸ்டிக் சீட்டை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் பேசியவர் அமராவதி அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள்.

“ஒம்பதாம் நம்பர் தோட்டத்துல வேலைன்னா நாங்க காலைல இருந்தே தண்ணி குடிக்கறதில்லீங்க மேடம். அங்க ஒதுங்க எடம் இல்ல. ஃபேக்டரி கக்கூசுக்கு வந்து போறதுக்கு ஒரு மணி நேரம் ஆகுது. காட்டுக்குள்ள போலாம்னா காட்டெரும நிக்குது.”

இந்த இடத்தில் எந்த சாதாரண மனிதப் பிறவியும் “அடப்பாவமே” என்று சொல்லியிருக்கும். நான் பயிற்சி பெற்றவள் அல்லவா. சாய்ந்தேன். தலையாட்டினேன்.

“அதாவது, ஒன்பதாம் நம்பர்ல ஒரு கழிப்பறை வேணும். சரி” என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அமராவதி அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெல்ஃபேர் ஆபிசர் காலத்திலிருந்து ஏழெட்டு வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருந்தார்களாம். (இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.) ஒருத்தி ஐந்து மாதத்தில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள் என்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? சற்றுத் தயங்கிவிட்டு அடுத்ததைச் சொன்னார். பேங்க், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எதற்கும் ஞாயிற்றுக்கிழமை போக முடிவதில்லை, அதனால் சனிக்கிழமை அரை நாள் விட வேண்டும்.

“அதாவது, சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போயிடணும். சரி.”

அறையில் ஒரு சலசலப்பு. செவிமடுத்தல் வேலை செய்கிறது என்று என் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. அதற்குப் பிறகு கைகள் வரிசையாக எழுந்தன. காட்டெருமை நிற்கிறதா என்று பார்க்கக் காலையில் ஒரு ஆள் முன்னால் போக வேண்டும். சரி. மேஸ்திரி தன் போனில் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது. சரி. ஓவேலியில் மச்சான் கல்யாணம், பத்து நாள் லீவு. சரி. கோடி வீட்டில் மழை ஒழுகுகிறது, அதனால் காலியாக இருக்கும் கிளார்க் குவார்ட்டர்ஸ் வேண்டும். சரி. ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த ஒரு இளைஞனுக்குத் தமிழ் தெரியாது. என் தலையாட்டலைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு அவனும் எழுந்து இந்தியில் ஏதோ கேட்டான். எனக்கு இந்தி தெரியாது. ஆனாலும் முன்னால் சாய்ந்து தலையாட்டினேன். அவன் சந்தோஷமாக உட்கார்ந்தான். அவன் என்ன கேட்டான் என்பது இன்றுவரை தெரியவில்லை.

கடைசியில் அமராவதி அக்காவுக்கே தாங்கவில்லை. “நெசமாத்தானுங்களா மேடம்?” என்றார்.

தொழிலாளி சந்தேகப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் புத்தகத்தில் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை மதித்து அதையும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“அதாவது, இது நெசமான்னு உங்களுக்கு ஒரு சந்தேகம். எனக்கு நல்லா புரியுது. சரி.”

கை தட்டினார்கள். படித்த ஒரு பாடம் கண்முன்னால் பலிப்பதைப் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுத்தில் ஏதாவது கேட்டார்களா என்று விசாரித்தார். இல்லை என்றேன்.

“கையெழுத்துக்கூடக் கேக்கலையா?” என்றார். “அப்ப உன்ன முழுசா நம்பிட்டாங்க போலிருக்கு. பாத்துக்க.”

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வியாழனும் வெள்ளியும் என் வாழ்க்கையின் பொற்காலம். போகிற வழியெல்லாம் வணக்கம். என் மேஜையில் ஒரு பை பிளம்ஸ், ஒரு பை கேரட், கோயில் விசேஷத்துக்கு ஒரு அழைப்பு. மேஸ்திரி என்னைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாற்றத்தை எதிர்ப்பவர்கள் எங்கும் இருப்பார்கள் என்று அதற்கும் ஒரு பாடம் படித்திருந்தேன். சனிக்கிழமைக்காக ஒன்பதாவது ஸ்லைடு ஒன்று தயாரித்தேன். தலைப்பு, ‘கேட்பதால் மட்டுமே அமைதி’. வெள்ளிக்கிழமை போஜன் சார், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாம் சத்தமில்லாமல் இருக்கிறதா என்று கேட்டார். இவ்வளவு அமைதியை நான் பார்த்ததே இல்லை சார் என்றேன். அவர் முகம் ஏனோ தெளியவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆடிட்டர் வந்தார். கொச்சிக்கார அம்மா, ஐம்பது வயது, கண்ணாடிக்குள் கூர்மையான கண்கள். ஃபேக்டரியைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் நான்கு ரகத் தேநீர் கொடுத்தோம். ருசி பார்ப்பவர்கள் துப்பிவிடுவார்கள். இவர் மரியாதைக்காரர், நான்கு கோப்பையையும் காலி செய்தார். அதற்குப் பிறகு என் ஒன்பது ஸ்லைடுகள். அதையும் மரியாதையாகப் பார்த்தார். பன்னிரண்டரைக்கு, பறிக்கும் இடத்தைப் பார்க்கலாம் என்று ஜீப்பில் கிளம்பினோம். ஒரு வாரம் மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். செடியெல்லாம் கொழுந்தாக நின்றது. அன்று பறிக்காவிட்டால் திங்கட்கிழமை அது கொழுந்தாக இருக்காது, முற்றிய இலையாக இருக்கும். அந்தப் பச்சையை ஆடிட்டருக்குக் காட்டிக்கொண்டே போஜன் சார் ஜீப்பை ஓட்டினார்.

இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே அவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும். கத்தரியைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு, சினிமா விட்டு வருவது போல. ஜீப்பில் என்னைப் பார்த்ததும் முன்வரிசையில் ஒரு பெண் கையசைத்தாள். “தேங்க்ஸுங்க மேடம்” என்றாள். பின்னாலிருந்தவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். அத்தனை நன்றியை ஒரே நேரத்தில் நான் அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை.

போஜன் சார் இறங்கி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அமராவதி அக்கா, இன்று சனிக்கிழமை, அரை நாள் என்றார். யார் சொன்னது என்று கேட்டார் போஜன் சார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவும் பாசம்.

“நான் சொல்லலை சார்” என்றேன்.

அமராவதி அக்கா பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்தார். அவள் போனை எடுத்தாள். புதன்கிழமைக் கூட்டத்தை அவள் முழுக்கப் பதிவு செய்து, வாட்ஸாப்பில் எஸ்டேட்டின் மூன்று டிவிஷனுக்கும் அனுப்பியிருந்தாள். அந்த மலைச்சரிவில் என் குரல் கேட்டது. ஒன்பதாம் நம்பர்ல ஒரு கழிப்பறை வேணும், சரி. சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போயிடணும், சரி. சரி. சரி. யாரும் அதை நிறுத்தவில்லை. மொத்தம் பதினேழு. எண்ணியவர் ஆடிட்டர்.

போஜன் சார் வாய் திறப்பதற்கு முன் ஆடிட்டரை நோக்கி ஓடினேன். இது ஒரு தொழில்நுட்பம், இந்தச் சரிக்கு நீங்கள் சொல்வது காதில் விழுந்தது என்றுதான் பொருள், ஒப்புக்கொண்டேன் என்று பொருள் இல்லை என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். “எங்க நாட்டிலயும் ஷெரின்னா ஷெரிதான் மோளே” என்றார்.

அமராவதி அக்காவும் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அந்தப் பாசம் மெல்ல அணைவதை நான் பார்த்தேன்.

“கேக்கறதுக்கு ஒரு சரி, குடுக்கறதுக்கு ஒரு சரின்னு ரெண்டு வெச்சிருக்கீங்களா மேடம்?” என்றார். “எங்ககிட்ட ஒண்ணுதானுங்க இருக்குது.”

 

போஜன் சார் என்னைத் திட்டவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, அமராவதி அக்காவையும் உட்காரச் சொல்லி, பதினேழையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். ஸ்லைடு இல்லை, தலையாட்டல் இல்லை. இது முடியும், இது முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். குவார்ட்டர்ஸ் முடியாது, கூரையைச் செவ்வாய்க்கிழமைக்குள் மாற்றித் தருகிறேன். காட்டெருமைக்கு ஆள், திங்கட்கிழமை முதல். வாராவாரம் அரை நாள், முடியாது. பாட்டு விஷயம், மேஸ்திரியிடம் நானே பேசுகிறேன். ஓரிடத்தில் “பாக்கலாம்” என்று வாயெடுத்தவர், உடனே நிறுத்தி, “பாக்கலாம்னா பாக்க மாட்டேன்னு உங்களுக்கும் தெரியும். அதனால முடியாது” என்றார். அவர் முடியாது என்று சொன்னபோதெல்லாம் அவர்கள் வாதாடினார்கள், இரண்டு இடத்தில் ஜெயித்தார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அரை நாள் என்பது அந்தக் கல்லில் முடிவானதுதான்.

கழிப்பறைக்கு வந்தபோது ஆடிட்டர் தன் ஃபைலைப் புரட்டினார். அதில் ‘வேலையிடத்தில் கழிப்பறை: உண்டு’ என்று எங்கள் அலுவலகம் எழுதிக் கொடுத்திருந்தது. அது ஃபேக்டரிக் கழிப்பறை. ஒன்பதாம் நம்பர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். வந்துதான் பாருங்களேன் என்றார் அமராவதி அக்கா. ஜீப் போகாத பாதை. இரண்டு பேரும் நடந்தார்கள். போஜன் சார் என்னையும் பின்னால் போகச் சொன்னார்.

ஏற்றம், வழுக்கல், மேலிருந்து சில்லென்ற காற்று. ஒன்பதாம் நம்பரை நாங்கள் அடைந்தபோது ஆடிட்டர் அம்மா பேசுவதை நிறுத்தியிருந்தார். கேள்விகளும் நின்றுவிட்டன. நோட்டை மூடினார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். பிறகு மெதுவாக அமராவதி அக்காவின் காதருகே போய் ஏதோ கேட்டார். அக்கா சுற்றிலும் கையைக் காட்டினார். இடுப்பளவு தேயிலைச் செடி, அதற்கு மேல் சோலை, சோலை விளிம்பில் கறுப்பாக இரண்டு காட்டெருமைகள் எங்களையே பார்த்துக்கொண்டு.

நாங்கள் கொடுத்த நான்கு ரகத் தேநீரும் அப்போது தங்கள் தரத்தை நிரூபித்துக்கொண்டிருந்தன.

திரும்பி இறங்கிய வேகத்தை நான் மறக்க மாட்டேன். அமராவதி அக்கா ஆடிட்டரின் கையைப் பிடித்து, வழுக்கும் இடத்தில் எல்லாம் தாங்கி, குறுக்குப் பாதையில் தன் லயத்து வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போனார். வெளியே நின்ற என்னிடம் அவர் ஒன்றுதான் சொன்னார், அதுவும் குத்தலாக இல்லை. “நாங்க இப்பிடி எட்டு மணி நேரம் நிக்கறோமுங்க மேடம்.” புதன்கிழமை இதையேதான் சொல்லியிருந்தார். நான் திருப்பிச் சொல்லி, நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். இப்போதுதான் அது காதில் விழுந்தது.

ஆடிட்டரின் அறிக்கையில் எங்கள் கொழுந்தைப் பற்றியும் ஃபேக்டரியைப் பற்றியும் நல்லபடியாக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஒன்பதாம் நம்பரில் அறுபது நாளுக்குள் பெண்களுக்குக் கழிப்பறை கட்டி, அதன் படத்தை அனுப்ப வேண்டும். அதற்கு ஆதாரமாக, மனிதவள அலுவலர் பொதுக்கூட்டத்தில் ஒப்புக்கொண்டது என்று குறிப்பிட்டிருந்தார்.

எனக்குக் கிடைத்தது இரண்டு தண்டனை. முதலாவது, மிச்சமிருந்த சரிகளை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்குவது. பத்து நாள் லீவுக்காரர் மாப்பிள்ளை வீட்டில் எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தார். நான் நான்கு நாள்தான் என்று சொன்னதும் அவர் மனைவிதான் மிகவும் சந்தோஷப்பட்டார். ஆனால் செல்வி என்று ஒரு பெண், வாரா வாரம் சனிக்கிழமை மத்தியானம் அம்மாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிவருகிறேன் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அவள் வீட்டு வாசலிலிருந்து அப்படியே திரும்பினேன். போஜன் சாரிடம் போய், அவளுக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டும் என்று அரை மணி நேரம் வாதாடினேன். கொடுத்தார். அந்த வேலையில் நான் முதன்முதலாக வாங்கிக் கொடுத்த ஒன்று அதுதான்.

இரண்டாவது தண்டனை, பயிற்சிக் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு. தினமும் காலை ஏழேகாலுக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் குளிரில் நிற்க வேண்டும், வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், ‘சரி’ என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது. அது எவ்வளவு கஷ்டம் என்பதை நீங்கள் ஒரு நாள் முயன்று பார்த்தால் தெரியும். முதல் வாரம் ஊமையைப் போல நின்றேன். பிறகு மெல்ல மெல்ல, முடியாது என்று சொல்ல வந்தது. தெரியாது, கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று சொல்ல வந்தது. வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லவும் செய்தேன்.

கழிப்பறை ஐம்பத்திரண்டாவது நாளில் எழுந்தது. இரண்டு அறை, தண்ணீர்த் தொட்டி, காட்டெருமை முட்டினாலும் அசையாத கருங்கல் சுவர். திறப்பு விழாவில் அமராவதி அக்கா ரிப்பன் வெட்டினார். போர்டில் ‘மகளிர் கழிப்பறை’ என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அதை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. என் பெயர் டெய்சி. இரண்டே வாரத்தில் மூன்று டிவிஷனிலும் பெண்கள், “கத்தரியப் புடிங்க, டெய்சிக்குப் போயிட்டு வந்தர்றேன்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இது காதில் விழுந்த அன்று நான் போஜன் சாரிடம் முறையிட்டேன். அவர் முன்னால் சாய்ந்து, தலையாட்டி, அதாவது உனக்கு வருத்தமாக இருக்கிறது என்றார்.

என் கல்யாணத்துக்கு அவர்கள் இரண்டு ஜீப்பில் வந்தார்கள். சர்ச் ஹாலில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் என் மாமியாரிடம், டெய்சி எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் என்னைக் கைகாட்டினார். அவள், அது இல்லீங்க, மற்ற டெய்சி என்றாள். பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு அன்றுதான் முழு விஷயமும் தெரிந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் காலை நேரத்தில் யாரும் வேறு வார்த்தை உபயோகிப்பதில்லை. என் கணவரும் சேர்ந்துகொண்டார். என் ஆறு வயது மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம், “மிஸ், டெய்சிக்குப் போகணும்” என்று கேட்டு, டீச்சர் அவளைச் சமாதானப்படுத்தி, அம்மாவிடம் சாயங்காலம் போகலாம் என்று சொல்லி உட்கார வைத்து, அதன் விளைவாக நான் மாற்று உடையோடு பள்ளிக்கு ஓடியதும் நடந்தது.

இப்போது அதே கம்பெனியின் மூன்று எஸ்டேட்டுக்கு நான் எச்.ஆர். மேனேஜர். போன மாதம் இத்தலார் பக்கம் உள்ள எஸ்டேட்டிலிருந்து ஒரு தேவைப் படிவம் என் மேஜைக்கு வந்தது. அங்கே ஸ்டோர் கிளார்க் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர், வெளியூர்க்காரர், என்னைப் பார்த்ததில்லை. ஆட்கள் சொன்னதை அப்படியே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். ‘நான்காம் நம்பருக்குப் புதிய டெய்சி: இரண்டு. பழைய டெய்சி: கதவு ரிப்பேர்.’ கீழே, ஒப்புதல் அளிப்பவர் பெயர் என்று ஒரு கோடு காலியாக இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா அந்தப் படிவத்தின் நகலைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில், என் பட்டமளிப்பு விழாப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள்.